இலையைத் தின்னத் தெரியாதவர்கள்

அறுபதுகளின் நடுவில், நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரியை ஏற்றிப்போகும் பெல்ட் பிரிவில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நான் வசமாக மாட்டிக்கொண்டது சுரங்கத்துக்குள் அல்ல. புதுச்சேரியில், ஒரு சாப்பாட்டு மேஜையில்.

என்னோடு ஒரே ஷிப்டில் இருந்த நண்பர் குள்ளஞ்சாவடிப் பக்கத்துக்காரர். அப்பா இல்லாத வீடு. தங்கையின் கல்யாணம் அவர் தலையில். தூரத்து உறவில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளையின் அப்பா சைகோனில் பல வருடம் இருந்துவிட்டுப் புதுச்சேரிக்குத் திரும்பியவர், அம்மா வியட்நாம்காரர். பெண்ணைப் பார்த்துப் பிடித்துவிட்டது. அடுத்த ஞாயிறு நண்பர் போய்ப் பேசி முடிக்க வேண்டும், அங்கேயே சாப்பாடு. அந்தச் சாப்பாடுதான் அவருக்குப் பயம். "நான் மூஞ்சைச் சுளிச்சிட்டா தங்கச்சி வாழ்க்கையே போயிடும்ணே" என்று இரண்டு நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தார்.

சைகோன் சாப்பாடு எனக்கு அத்துப்படி என்று ஏன் சொன்னேனோ, இன்றுவரை விளங்கவில்லை. அப்படி ஒரு கடையின் வாசலில் ஒருமுறை நின்று வாசனை பிடித்ததுதான் என் மொத்த அனுபவம். நண்பர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒத்திகைக்குக் கூட்டிப் போயே ஆக வேண்டும் என்றார். மதுவிலக்கு இருந்த காலம். நம் பக்கத்து ஆண்கள் இரண்டு பேர் சேர்ந்து புதுச்சேரிக்கு பஸ் ஏறினால் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. சாப்பிடப் பழகத்தான் போனோம் என்று நான் செய்த சத்தியத்தை என் மனைவி இன்னும் நம்பவில்லை.

ஒரு வீட்டின் முன்னறையில் நாலு மேஜை, அதுதான் கடை. கடைக்கார அம்மாள் சைகோனில் பிறந்து வளர்ந்த தமிழர். "வழக்கமா கொடுக்கிறதைக் கொண்டாங்க" என்றேன், ஏதோ வாரம் தவறாமல் வருகிறவன் மாதிரி.

முதலில் ஒரு தட்டு நிறையப் பச்சை இலைகள் வந்தன. உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் சுருக்கம். கூடவே கொஞ்சம் புதினா. அப்புறம் விரல் நீளத்துக்குப் பொரித்த சுருள்கள். ஒரு கிண்ணத்தில் தேன் நிறத்தில் ஏதோ தண்ணீர். கரண்டி இல்லை. எனக்கு வியர்த்தது. இலை வந்தால் தமிழன் என்ன செய்வான்? விரித்தேன். தண்ணீர் தெளித்தேன். சின்ன இலையாக இருக்கிறதே என்று இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் சுருள்களை வரிசையாக வைத்தேன். நண்பரும் பயபக்தியோடு அப்படியே செய்தார். கிண்ணத்தில் இருந்தது ரசம் என்று முடிவுகட்டி, உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினேன். மீனும் உப்பும் மிளகாயும் ஒன்றாக மூக்கில் ஏறின. கண்ணில் தண்ணீர் கொட்ட, "இப்படித்தான் இருக்கணும்" என்றேன்.

சரிதானா என்ற குழப்பத்தில் பக்கத்து மேஜையைப் பார்த்தேன். வெள்ளை பேண்ட், தங்க பிரேம் கண்ணாடி. பார்த்தால் பெரிய ஆபீசர். அவரும் இலையை விரித்துத் தண்ணீர் தெளித்திருந்தார். அவரும் கையில் ஊற்றி உறிஞ்சி இருமினார். அப்பாடா, நம் முறை சரிதான் என்று நிம்மதியாகச் சாப்பிட்டு முடித்தேன். சம்பந்த விஷயமாயிற்றே என்று இலையை என் பக்கமாக மடித்தும் வைத்தேன்.

கடைக்கார அம்மாள் வந்து, மடித்த இலைகளைப் பார்த்து முகம் வாடிப்போனார். "இலை நல்லா இல்லீங்களா? காலையிலதான் பறிச்சேன்."

எதற்கு இலையை விசாரிக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. நல்ல அகலமான இலை, எதுவும் ஒழுகவில்லை என்று பாராட்டி வைத்தேன். அவர் இன்னும் குழம்பினார்.

நண்பர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு எழுந்து நின்று, "எங்களுக்கு இதைத் தின்னத் தெரியலீங்க. என் தங்கச்சியக் குடுக்கப்போற வூட்டுல வர ஞாயித்துக்கிழம சாப்பிடணும். கத்துக்கினு போவலாம்னு வந்தோம்" என்றார்.

அம்மாள் சிரித்தபடி உட்கார்ந்து, சுருளையும் புதினாவையும் இலைக்குள் வைத்துச் சுற்றி, கிண்ணத்தில் தொட்டுக் கடித்துக் காட்டினார். பின்னால் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. ஆபீசர் தட்டோடு வந்து நின்றார். "எனக்கும் காட்டுங்கம்மா. இவரு தெரிஞ்சவரு மாதிரி இருந்தாரு, இவரைப் பார்த்துதான் சாப்பிட்டேன்" என்று என்னைக் காட்டினார். மேஜைக்கு அடியில் போய்விடலாம் போல இருந்தது.

அந்த ஞாயிறு தன்னோடு என்னையும் வரச்சொன்னார் நண்பர். டபுள் ஷிப்ட் என்று பொய் சொல்லித் தப்பித்தேன். திங்கட்கிழமை அவரே வந்து சொன்னார். கற்றுக்கொண்ட சுருள் அங்கே வரவே இல்லையாம். வேறு ஏதோ வந்ததாம். இவர் கொஞ்சமும் கூசாமல், தெரியவில்லை, எப்படிச் சாப்பிடுவது என்று கேட்டிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பரிமாறிவிட்டு, தன் வீட்டுக்காரரிடம் உடைந்த தமிழில் சொன்னாராம்: "தெரியலன்னு சொல்ற வூட்டுப் பொண்ணு. எங்கிட்ட கேக்கும். எனக்கு அது போதும்." தை மாதம் கல்யாணம் நடந்தது.

அதற்குப் பிறகும் சுரங்கத்தில் புது மெஷின் வந்து யாராவது விளக்கும்போதெல்லாம் என் தலை தானாக ஆடத்தான் செய்தது. என்னைப் பார்த்து இன்னொருத்தரும் தலையை ஆட்டிக்கொண்டிருப்பாரே என்ற பயம்தான், புரியவில்லை என்று சொல்ல என் கையை மெல்லத் தூக்க வைத்தது.