வானத்தில் ஒரு மணி நேரம்

என் அண்ணன் ஒரே ஒரு முறை விமானம் ஏறியவர். அன்றிலிருந்து பஸ்ஸில் போகிறவர்களைப் பாவம் செய்தவர்களைப் போலத்தான் பார்ப்பார். பக்கத்திலிருக்கும் மயிலத்துக்குப் போக பஸ் ஸ்டாண்டில் நின்றால்கூட உச்சுக்கொட்டுவார். அந்தத் திமிர் அக்காவின் சாவில் வந்து விடியும் என்று நான் நினைக்கவில்லை.

அக்காவைக் கோவில்பட்டிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். போன கோடையில் ஒரு விடியற்காலை அக்கா வீட்டுக்காரர், மாமா, போன் செய்து, அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று அழுதார். தாய்வீட்டுக் கோடிப் புடவையை உடன்பிறந்தவன் கையால் போர்த்திய பிறகுதான் உடலை எடுப்பார்கள். அண்ணன் இல்லாமல் தங்கை நான் மட்டும் கிளம்பிப் பிரயோசனமில்லை.

"விழுப்புரம், திருச்சி, மதுரைனு கார்லயே நேரா போய்டலாம்ணா. மதியத்துக்கு மேல போய்ச் சேந்துடலாம்" என்றேன்.

அண்ணன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். ஏதோ ஒரு இணையதளம். இந்த ஊர் விமான நிலையத்திலிருந்து அந்த ஊர் விமான நிலையம் எவ்வளவு தூரம், பறக்க எவ்வளவு நேரம் என்று சொல்லும். எந்த இரண்டு ஊரைக் கேட்டாலும் சொல்லும். நடுவே விமானம் ஓடுகிறதா என்ற கவலை அதற்கு இல்லை. அண்ணனுக்கும் இல்லை.

"பாண்டிச்சேரிலேர்ந்து தூத்துக்குடி ஒரு மணி நேரந்தான். எதுக்கு ரோட்ல போய்க்கினு பேஜாருபடணும்?"

மாமாவிடமும் பெருமையாகவே சொன்னார்: "ஜல்தியா வந்துடுவோம் மாப்ளே." அவரை நம்பி அங்கே ஐஸ் பெட்டிகூடச் சொல்லவில்லை.

கடைக்காரரை எழுப்பிக் கோடி வாங்கிக்கொண்டு பாண்டிச்சேரி போனோம். விமான நிலைய வாசலில் இருந்த காவலர், "தூத்துக்குடிக்கு இங்கேர்ந்து ஃப்ளைட்டே கிடையாதுங்க. மெட்ராஸ் போய்தான் ஏறணும்" என்றார். அண்ணன் அவரிடம் போனைக் காட்டி இங்கிலீஷில் வாதாடினார். விமானத்தை அவர்தான் எங்கேயோ ஒளித்துவைத்திருக்கிறார் என்பது போல. அந்த மனிதர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றார். மேலதிகாரி வரட்டும் என்று அண்ணன் பத்து மணிவரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.

பிறகு காரிலேயே தெற்கே திரும்பினோம். விழுப்புரம் தாண்டும்போதே வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாமா மறுபடி மறுபடி கூப்பிட்டார். அண்ணன் எடுக்கவில்லை, போனை என் மடியில் போட்டார். விமானத்தைப் பற்றிப் பேச மட்டும்தான் அவருக்கு வாய் உண்டு.

திருச்சி அருகே நான் எடுத்தேன்.

"இனிமே தாங்காதும்மா" என்றார் மாமா.

என் வாயாலேயே சொன்னேன், "எடுத்துடுங்க மாமா" என்று. அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நாங்கள் போய் இறங்கியபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். பந்தல் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கோடியை நீட்டினார். மாமா அதை வாங்கவில்லை.

"பக்கத்து வீட்டுக்காரங்க சேலை குடுத்தாங்க. அதப் போத்தி அனுப்பிட்டோம்" என்றார்.

அண்ணன் போனைத் திறந்தார். "இல்ல மாப்ளே, வானத்துல பாத்தா ஒரு மணி நேரந்தான். இதோ பாருங்க..."

பிறந்த வீடு இல்லாதவளுக்குத்தான் அடுத்த வீட்டுப் புடவை போர்த்துவார்கள். என் அக்காவுக்கு அண்ணன் இருந்தார்.