குளியலறை குடித்த கஷாயம்

யாருக்கு என்ன வந்தாலும் சூடு என்று சொல்லி ஒதுக்கிவிடலாம். ரொட்டி மாஸ்டருக்கு அப்படிச் சொல்லக் கண்ணெதிரே சாட்சியே இருந்தது: பேக்கரியின் பின்கட்டில் ஆள் உயரத்துக்கு ஓர் அடுப்பு. அதன் வாயில் தட்டுகளைச் செருகி உருவியே அவருடைய முன்னங்கை முடியெல்லாம் பொசுங்கியிருந்தது. ஆகவே வாய்ப்புண் வந்து, உள்ளங்கால் எரிந்து, கண்ணில் லேசாக மஞ்சள் தட்டியபோது, பழியை அடுப்பு ஏற்றுக்கொண்டது. அடுப்புக்குப் பதில் பேசத் தெரியாதது மாஸ்டருக்கு வசதியாகப் போயிற்று.

வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் ரெண்டு ரவுண்டு போட்டுவிட்டு, கிராம்பை மென்றுகொண்டே படியேறுவது அவருடைய நெடுநாள் வழக்கம். பல்வலிக்காரர் என்று மனைவி பரிதாபப்பட்டாள்.

அவளே அவரை ஆயுர்வேத வைத்தியரிடம் அழைத்துப் போனாள். வைத்தியர் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், பித்தம் மிஞ்சிவிட்டது, ஈரலைக் கவனிக்கணும் என்றார்.

"குடிப்பழக்கம் உண்டா?"

"ஐயோ, அந்த வாடையே இவருக்கு ஆகாதுங்க," என்றாள் மனைவி. மாஸ்டர் சுவரில் மாட்டியிருந்த மூலிகைப் படத்தை ரசித்துக்கொண்டிருந்தார்.

வைத்தியர் அவளை மருந்து வாங்க முன்னறைக்கு அனுப்பினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எப்பவாவதுன்னாலும் நிறுத்திடுங்க. புளிப்பு, காரம், கண்விழிப்பு எல்லாத்தையும் குறைங்க. அதைச் செய்யாம இந்தக் கஷாயத்தைக் குடிச்சா வாய் கசக்கிறதுதான் மிச்சம்," என்றார்.

மாஸ்டர் பயந்தாங்கொள்ளி. அன்றோடு நிறுத்திவிட்டார். கை நடுங்கியது, தூக்கம் போனது, ஆனாலும் நிறுத்திவிட்டார். இவ்வளவு சாதித்த மனிதருக்குக் கசப்பு மட்டும் ஆகவில்லை. கீழாநெல்லி, சீந்தில், நெல்லிமுள்ளி எல்லாம் போட்டு மனைவி தினமும் கால்மணி நேரம் கிளறிச் சுண்டவைத்ததை டம்ளரோடு குளியலறைக்கு எடுத்துப் போய்ச் சாக்கடைக்கு ஊட்டினார். வெளியே வரும்போது முகத்தைச் சுளித்துக் காட்டவும் மறக்கவில்லை.

கண் வெளுத்தது. வாய்ப்புண் ஆறியது. மனைவி தெருவுக்கெல்லாம் கஷாயத்தின் பெருமையைச் சொன்னாள். மாஸ்டர் தலையாட்டினார். தலையாட்டுவதுதானே, காசா பணமா?

இந்த நேரத்தில் அவள் தம்பிக்குக் கண் மஞ்சளானது. டைல்ஸ் ஒட்டுகிறவன், குடிப்பதை யாரிடமும் மறைக்காதவன். "அத்தானைப் பாருடா, ஒரு சொட்டு தொட்டிருப்பாரா?" என்று அக்காவிடம் பத்து வருஷமாகத் திட்டு வாங்குகிறவன். வைத்தியரிடம் காட்டாமலே அதே கஷாயத்தை அவனுக்கும் காய்ச்சினாள். அவனோ மாஸ்டரைப் போல அல்ல, ஒரு துளி மிச்சம் வைக்காமல் குடித்தான். காலையில் கஷாயம், மாலையில் வழக்கமானது.

"ஈரலைத்தான் அக்கா பாத்துக்குதே அத்தான்," என்று சிரித்தான். மாஸ்டருக்கு அன்று சோறு இறங்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தார். நாளை என்பது ரெண்டு மாதம் நீண்டது.

ஒரு ஞாயிறு காலை, காலெல்லாம் வீங்கி வந்து உட்கார்ந்தான். முந்தின வாரம் காட்டப் போன ஆஸ்பத்திரியில் மறுநாளைக்கு ஸ்கேன் குறித்திருந்தார்கள்.

"வேணாம்னு சொல்லிட்டேன்க்கா. அத்தானுக்குக் கேட்டது எனக்குக் கேக்காதா? எதுக்கு வீண் செலவு?"

"அதானே," என்றாள் அக்கா, டம்ளரை நீட்டியபடி.

மாஸ்டர் அந்த டம்ளரை வாங்கிக் கீழே வைத்தார். "மாப்ளே, அதை நான் ஒருநாளும் குடிச்சதில்ல. பாத்ரூம்ல ஊத்திட்டேன்."

மனைவிக்கு முதலில் விளங்கவில்லை. "அப்ப எப்படிங்க சரியாச்சு?"

இதற்குப் பதில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. "தண்ணியடிக்கிறத நிறுத்தினேன்."

தம்பிதான் முதலில் சிரித்தான். சிரிப்பு இருமலாகி நிற்க வெகுநேரம் ஆயிற்று. "என்னைவிடப் பெரிய ஆளா இருக்கீங்களே அத்தான். நான் வாங்கின திட்டுல பாதி உங்களோடதா?"

அவள் சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "எப்பலருந்து?"

"கல்யாணத்துக்கு முன்னாடியிருந்தே."

அவள் அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள். "எந்திரிடா, ஆஸ்பத்திரிக்கு."

ஞாயிற்றுக்கிழமை ஸ்கேன் கிடையாது என்றாலும் வீங்கிய காலைப் பார்த்ததும் அவனைப் படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். குடியை விட்டால் ஈரல் தேறிவிட வாய்ப்பிருக்கிறது என்றார் டாக்டர். "ரெண்டு மாசம் முன்னாடியே வந்திருந்தா சுலபமா இருந்திருக்கும்," என்றும் சொன்னார். டாக்டர் பார்த்தது நோயாளியைத்தான். மாஸ்டர்தான் தலையைக் குனிந்துகொண்டார். அந்த ரெண்டு மாதமும் எங்கே போயிற்று என்று அவருக்குத் தெரியும்.

ரத்தம் எடுக்க வந்த நர்ஸ், "கூட யார் இருக்கீங்க?" என்று கேட்டாள்.

"நான் அக்கா."

"அவரு?"

வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து மனைவி அப்போதுதான் அவரைத் திரும்பிப் பார்த்தாள். "என் வீட்டுக்காரர். அவருக்கும் ரத்தம் எடுத்துப் பாத்துடுங்க. அவர் வாயால சொல்ல மாட்டாரு."

மாஸ்டர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.