குல்யாஷ் வீட்டுக் கொம்புச் சுவர்

புருஷன் மெய்ரம் இருந்த காலத்தில் குல்யாஷுக்கு மான் கொம்பைக் கண்டாலே ஆகாது. பனி இளகத் தொடங்கும் மார்ச் மாதத்தில் மரால் மான்கள் கொம்பு உதிர்க்கும். அந்த நாட்களில் மெய்ரமின் கால் வீட்டில் தரிக்காது. தொழுவத்தை அப்படியே போட்டுவிட்டு, குதிரையேறி, புக்தர்மா ஆற்றுக்கு அப்பால் மலைக்குப் போய்விடுவான். கிடைத்த கொம்பைக் குழந்தையைக் கொண்டுவருவதுபோல மடியில் வைத்துக்கொண்டு திரும்புவான். அவற்றில் நல்ல ஜோடி ஒன்றை வாசல் நிலைக்கு மேலே அறைந்து வைத்திருந்தான்.

"இதை வேகவெச்சுத் திங்க முடியுமா?" என்று கேட்பாள் குல்யாஷ்.

"பார்க்க அழகா இருக்குடி."

"மான் தலையில இருந்தா அழகுதான். அதுவே வேண்டாம்னு கழட்டிப் போட்டதை நீ எதுக்குத் தூக்கிட்டு வர்ற?"

அவன் சிரித்துக்கொண்டே அடுத்த நாளும் போவான். பிள்ளைகள் இல்லாத வீடு. சண்டையும் சிரிப்பும் அவர்கள் இருவருக்குள்தான்.

அப்படிப் போன ஒரு நாள் குதிரை மட்டும் திரும்பி வந்தது. சேணம் வயிற்றுக்கடியில் புரண்டு கிடந்தது. பிடரியெல்லாம் பனி. மெய்ரமின் அண்ணன் கபிடென் ஊர் ஆண்களைத் திரட்டிக்கொண்டு ஓடினார். தெற்குச் சரிவிலிருந்த பனி முழுவதும் பெயர்ந்து, லார்ச் மரங்களையும் வாரிக்கொண்டு பள்ளத்தில் இறங்கியிருந்தது. நீளக் கழிகளால் குத்திக் குத்திப் பார்த்தார்கள். மறுபடி பனி கொட்டத் தொடங்கியதும் அங்கே நிற்பது ஆபத்தென்று திரும்பினார்கள். பனி உருகினால் கிடைத்துவிடுவான் என்று கபிடென் அவளிடம் சொன்னார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பனி உருகியது. மெய்ரம் கிடைக்கவில்லை. மண்ணும் கல்லும் மரமும் சேர்ந்து பள்ளத்தையே வேறு இடமாக்கியிருந்தன. கபிடென் ஒரு நாள் வந்து உட்கார்ந்து, பாலூற்றிய தேநீரைக் கையில் வைத்துக்கொண்டே, தொழுகை வைத்து ஊருக்குச் சாப்பாடு போட்டுவிடலாம் என்றார். செத்தவனுக்குச் செய்யவேண்டியதைச் செய்யாமல் இருக்கக்கூடாது என்றார்.

"மண்ணுல வெச்சிட்டுச் சோறு போடுறேன் மாமா. அதுவரைக்கும் எதுவும் வேண்டாம்" என்றாள் குல்யாஷ்.

மற்ற வீடுகளில் வெள்ளிக்கிழமைதோறும் இறந்தவர்களை நினைத்து எண்ணெயில் ரொட்டி சுட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார்கள். மாமனார் மாமியாருக்காக அவளும் சுட்டாள். ஆனால் அவர்கள் பெயரோடு மெய்ரமின் பெயரைச் சேர்த்துச் சொல்லமாட்டாள். பிடிவாதக்காரி என்றது ஊர். அவன் எல்லை தாண்டி வேறொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான் என்று கடை வாசலில் ஒருத்தி சொன்னது இவள் காதிலும் விழுந்தது. மாவு மூட்டையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வசந்தத்தில் அதே குதிரையில் சேணம் கட்டி, அவளே மலைக்குப் போனாள். பள்ளத்துக்குப் பக்கத்துச் சரிவில், போன வருடத்துக் காய்ந்த புல்லுக்குள், வெளிறிய எலும்பு போல ஏதோ தெரிந்தது. குதிரையை விட்டுக் குதித்து ஓடினாள். விழுந்து எழுந்து ஓடினாள். கிட்டப் போனால் மான் கொம்பு. அங்கேயே உட்கார்ந்து, யாரும் இல்லாத மலையில் வாய்விட்டு அழுதாள். அழுது முடித்து எழுந்தவளுக்கு அதை விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. இதற்காகத்தானே அவன் வந்தான்? தூக்கிக்கொண்டு வந்து தொழுவத்தின் வெளிச்சுவரில் ஆணியடித்து மாட்டினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வசந்தத்திலும் போனாள். கல்லிடுக்கு, புதர், ஓடைக்கரை என்று மண்ணைப் பார்த்தே நடந்ததில், ஊர் ஆண்கள் கண்ணுக்குத் தப்பிய கொம்பெல்லாம் அவள் கண்ணில் பட்டது. வெளிறியது எதைப் பார்த்தாலும் ஓடுவாள். பிறகு கொம்பு என்று தெரியும். எடுத்துக்கொள்வாள். சுவர் நிறைந்தது. கிளைகள் மேல்நோக்கி இருக்க, வரிசை பிசகாமல் மாட்டியிருந்தாள். வெயிலில் வெளுத்த பழைய கொம்புகள் மேலே, பழுப்பு மாறாத புதியவை கீழே. மழை பெய்தால் ஒவ்வொன்றையும் துடைத்து வைப்பாள். புருஷன் கொண்டுவந்தால் திட்டினாள், இப்போது பாரேன் என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் கேலி இருந்தது. போகப் போக அதுவும் ஓய்ந்தது.

சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தார்கள். மாவட்டத் தலைநகரிலிருந்து ஒரு கண்காட்சிக்காரன் வந்து, சுவரின் முன்னால் வாயைப் பிளந்து நின்றான். இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு சேகரிப்பே இல்லை என்றான்.

"எப்படிக்கா இத்தனை கொம்பைத் தேடிக் கண்டுபிடிச்சீங்க?"

"நான் கொம்பைத் தேடலை தம்பி" என்றாள் குல்யாஷ்.

அவனுக்குப் புரியவில்லை. கூட வந்த ஊர்க்காரர் தோளைத் தொட்டு அப்பால் கூட்டிப்போய்ச் சொன்னார். அவன் திரும்பி வந்து, தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரின் முன்னால் நின்றான். பிறகு வண்டியேறினான்.

ஐந்தாவது வசந்தத்தில் ஓடை பெருகி, பள்ளத்தின் கீழ்க்கரையை அரித்திருந்தது. புதிதாக முளைத்த பிர்ச் கன்றுகளின் வேருக்கடியில் இரண்டு கொம்பு முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. குனிந்து மண்ணை விலக்கினாள். இரண்டையும் சேர்த்து ஒரு கயிறு சுற்றியிருந்தது. மான் உதிர்த்த கொம்பு கயிற்றோடு கிடக்காது. குதிரை மயிரில் அவள் கையாலேயே மெய்ரமுக்கு முறுக்கிக் கொடுத்த கயிறு அது. மேற்கொண்டு தோண்டவில்லை. தலைத்துணியை அவிழ்த்துப் பிர்ச் கன்றில் அடையாளமாகக் கட்டினாள். குதிரையை விரட்டாமல், நடையிலேயே ஊர் வந்து சேர்ந்தாள்.

"மாமா, உங்க தம்பி கிடைச்சிட்டார்."

கபிடென் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். வெறுந்தலையோடு நின்ற அவளைப் பார்த்து, "நீ ஏறிப் போனப்பல்லாம் உன்னைத் திட்டியிருக்கேன் தாயி. நானும் கூட வந்திருக்கணும்" என்றார். உள்ளேயிருந்து ஓடி வந்த அவர் மனைவி, தன் தலைத்துணியை எடுத்து அவளுக்குக் கட்டிவிட்டாள்.

பள்ளத்தில் தோண்டி எடுத்த எலும்புகளை வெள்ளைத்துணியில் சுற்றி ஆண்கள் தூக்கிப் போனார்கள். பெண்கள் இடுகாட்டுக்குப் போவதில்லை. ஐந்து வருடம் தேடிய குல்யாஷ், வேலிக் கம்பைப் பிடித்துக்கொண்டு, அவர்கள் மேடேறி மறையும்வரை பார்த்து நின்றாள். கயிறு சுற்றிய கொம்புகளைக் கல்லறையில் வைக்கலாமா என்று கபிடென் கேட்டிருந்தார். வீட்டுக்கே கொண்டுவரச் சொல்லியிருந்தாள்.

ஊர் வழக்கப்படி வேறொரு குதிரையை வாங்கி அறுத்துச் சாப்பாடு போட்டாள். பக்கத்து ஊர்களிலிருந்தும் வந்தார்கள். வீடு கொள்ளாமல் கொம்புச் சுவரோரம் விரிப்பு விரித்து உட்கார்ந்து தின்றார்கள். கடை வாசலில் பேசியவளும் வந்தாள். குல்யாஷ் அவள் தட்டிலும் கறி எடுத்து வைத்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை ரொட்டி சுட்டபோது முதல்முறையாக மெய்ரமின் பெயரைச் சொன்னாள். சொல்லும்போது குரல் உடையவில்லை. சூட்டோடு ரொட்டியை எடுத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கப் புறப்பட்டாள்.

இனி மலைக்குப் போகமாட்டாள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஆனால் அடுத்த மார்ச்சில் அவள் சேணம் கட்டுவதைக் கபிடென் பார்த்துவிட்டார்.

"இனி எதுக்கும்மா?"

"தெரியலை மாமா. போய்ட்டு வர்றேன்."

அவர் சேணத்து வார் இறுகியிருக்கிறதா என்று மட்டும் இழுத்துப் பார்த்தார்.

அன்று அவளுக்குத் தரையைப் பார்க்கவேண்டிய வேலை இல்லை. சரிவின் மேல்விளிம்பில் மூன்று ஆண் மான்கள் நின்றன. இரண்டுக்குக் கொம்பு விழுந்துவிட்டது. மூன்றாவதற்கு ஒரு பக்கம் மட்டும் இருந்தது. பாரம் ஒரு பக்கமாக இழுக்க, அது தலையைச் சாய்த்தபடி அவளைப் பார்த்தது. இத்தனை வருடம் இந்த மலையில் நடந்தும் உயிருள்ள மானை நின்று பார்த்ததில்லையே என்று அப்போதுதான் தோன்றியது. அவை மெல்லத் திரும்பி மரங்களுக்குள் போகும்வரை குதிரையை அசையவிடாமல் நிறுத்தியிருந்தாள்.

வெறுங்கையோடு வீடு திரும்பினாள். பசித்தது. அடுப்பை மூட்டித் தேநீர் வைத்தாள்.