பதினைந்தாவது படி

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தோடு படிப்பை நிறுத்தியவன் நான், எழுதிப் பழக்கமில்லை. பேய், ஆவி என்று யாராவது பேசினால் எழுந்து போய்விடுவேன். நம்பினால் நம்புங்கள், இது என் கண்ணெதிரே நடந்தது.

சிங்கப்பூரில், பூன் லே வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுக்கும் டீச்சருக்கு மிருதங்கம் வாசிப்பவர் கையை உடைத்துக்கொண்டார். மறுநாள் மேடை. எட்டுச் சிறுமிகள், ஒரு வருடப் பயிற்சி. "அண்ணே, உங்க மெஷின்ல தாளம் போட்டுக் குடுங்க, இல்லன்னா கேன்சல் பண்ணணும் லா" என்றார். கிடங்கு வேலை போக சிந்தசைசர் வாசிப்பதுதான் என் ஒரே பொழுதுபோக்கு. மறுக்க வாய் வரவில்லை.

தேக்கா சந்தையில் பழையதாக வாங்கிய கருவி அது. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டால் போதும், ஸ்டெப் மாடுலேஷன் என்ற வசதி அதைப் படிப்படியாகக் கூட்டிக் குறைத்துத் தாளமாக்கிவிடும். ஒவ்வொரு படிக்கும் திரையில் ஒரு கோடு, உயரத்தை நாமே வைக்கலாம். மொத்தம் பதினாறு. 'தகிட தகதிமி' ஏழு என்பதால் இரண்டு சுற்றுக்குப் பதினாலோடு நிறுத்தினேன்.

பதினைந்தாவது வந்தது. மெல்லிய மூச்சு மாதிரி ஒரு சத்தம், அப்புறம்தான் அடுத்த சுற்று. ஒன்று கூடினால் பிள்ளைகளின் கால் தடுமாறிவிடுமே. அந்தக் கோட்டை இறக்கினேன், ஏறியது. மறுபடி இறக்கினேன், மறுபடி ஏறியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டேன், பிளக்கைப் பிடுங்கி மாட்டினேன், அப்படியும் வந்தது. வெள்ளிக்கிழமை விடுப்பு அதிலேயே போயிற்று.

"ஏங்க, பக்கத்து வீட்டு ஆன்ட்டி ரெண்டு தடவ கதவத் தட்டிட்டாங்க. அத வித்துட்டு ஒரு ஏர் ஃப்ரையர் வாங்குங்க லா" என்றாள் மனைவி.

வேறு வழியில்லாமல் அன்று சாயங்காலமே அப்படியே ஒத்திகைக்குத் தூக்கிப் போனேன். தாளம் ஓடியது. பதினைந்தாவது வந்ததும் தலையைக் குனிந்துகொண்டேன். யாரும் தடுமாறவில்லை. நிமிர்ந்தால், எட்டுப் பேரும் வலது காலைத் தூக்கியபடி நிற்கிறார்கள். டீச்சரின் தட்டுக்கழியும் அந்தரத்தில் நிற்கிறது. பிறகு எல்லாம் ஒன்றாக இறங்கின. ஒவ்வொரு சுற்றிலும் இப்படியே.

"டீச்சர், ஒண்ணு கூட வருதே?"

"பதினாலுதானே வருது. சாப்டீங்களா அண்ணே?"

முன்வரிசைச் சிறுமியிடம் ஏன் காலைத் தூக்கிக்கொண்டு நின்றாய் என்று கேட்டேன்.

"நான் நிக்கலயே, அங்கிள்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. பயம் பிறகுதான்.

மறுநாள் நிகழ்ச்சி நடந்தது. நன்றாகக் கைதட்டினார்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு பஸ்ஸில் திரும்பி, மனைவி எடுத்த வீடியோவைப் பார்த்தேன். மேடை ஓரத்தில் நானும் தெரிகிறேன். நிறுத்தாமல்தான் காலால் தாளம் தட்டிக்கொண்டிருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். வீடியோவில் பதினைந்தாவது வரும்போதெல்லாம் என் காலும் தூக்கியபடி நிற்கிறது.