வெள்ளைக்காரனுக்கு ஓர் இலை

மனைவி இறந்த பிறகு, மலேசியாவின் கோலா சிலாங்கூரில் எங்கள் எஸ்டேட் முனையிலுள்ள போர் நினைவுத்தூணில் பெயர் பொறிக்கப்பட்ட ராணுவ அதிகாரிகள் யார், எவர் என்று தேடுவதிலேயே என் பொழுது போனது. மற்றவர்களின் குடும்பங்களை இணையத்தில் கண்டுபிடித்துவிட்டேன். ஒரு கேப்டனுக்கு மட்டும் உறவென்று ஒருவரும் இல்லை. மனசு கேட்கவில்லை.

தீபாவளிக்கு முதல் நாள், இறந்தவர்களுக்குப் படைக்கும்போது, மனைவியின் இலைக்குப் பக்கத்தில் அந்தக் கேப்டனுக்கும் ஓர் இலை போட்டேன்.

முறுக்கு கொண்டுவந்த பக்கத்து வீட்டு சரசு பார்த்துவிட்டாள். "அண்ணிக்கு ஒண்ணு. இன்னொண்ணு யாருக்குண்ணே?"

"தூண்ல பேரு இருக்கிற வெள்ளைக்காரருக்கு. படைக்க ஆளில்லம்மா."

"ஐயோ, அவரு இந்தக் காரம் தாங்க மாட்டாரு லா!" என்று சிரித்தவள், பாதியில் நிறுத்திக்கொண்டாள். நாளைக்கு எனக்கும் படைக்கப் பிள்ளைகள் இல்லை என்பது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

படைத்ததை வீட்டு மனிதர்கள்தான் சாப்பிட வேண்டும். அவள் போன பிறகு, கேப்டனின் இலையில் உட்கார்ந்து நானே சாப்பிட்டேன்.