கண்ணாடித் தட்டில் வளர்ந்த கிட்னி

போன செவ்வாய்க்கிழமை காலை. திருவண்ணாமலை வேங்கிக்காலில் என் வீட்டு வாசலில் ஓர் அம்மாள், கையில் மருந்துச் சீட்டோடு.

"டாக்டர்னு போர்டு இருக்குதே... எங்க வூட்டுக்காரருக்குக் கால் வீங்குது. கொஞ்சம் பாருங்க சார்."

"நான் அந்த டாக்டர் இல்லைங்க. ஆராய்ச்சி பண்ணி வாங்கின பட்டம்" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு வழி காட்டி அனுப்பினேன்.

இந்தப் புத்தி எட்டு வருஷத்துக்கு முன்னால் வந்திருக்கக் கூடாதா?

அப்போது நான் சென்னையில் ஆராய்ச்சி மாணவன். நாயின் கிட்னியிலிருந்து எடுத்த செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்பது என் வேலை. நாலைந்து நாளில் அவை ஒன்றோடொன்று ஒட்டி, தட்டின் மேல் மெல்லிய விரிப்பாகப் படியும். பிறகுதான் வேடிக்கை! மேலே ஊற்றியிருக்கும் சத்துத் திரவத்திலிருந்து அந்தச் செல்கள் உப்பை இழுத்துக் கீழே தள்ளும். பின்னாலேயே தண்ணீரும் போகும். அடியில் அது தேங்கத் தேங்க, விரிப்பு அங்கங்கே அப்பளக் கொப்புளம் போல உப்பி எழும். மைக்ரோஸ்கோப்பில் அதைப் பார்த்தபோது கிட்னியின் ரகசியமே என் கைக்கு வந்துவிட்ட மாதிரி ஒரு மிதப்பு.

அந்த மிதப்போடுதான் கோடை விடுமுறைக்குத் திருவண்ணாமலை வந்தேன். எதிர்வீட்டு ரஹீம் பாய்க்குத் தேரடித் தெருவில் மெத்தைக் கடை. நாள் முழுக்கப் பஞ்சுத் தூசி. கிட்னி கெட்டு வைத்தியம் நடந்துகொண்டிருந்தது.

"டாக்டர் உப்பைக் கம்மி பண்ணச் சொன்னாரு, சரி. தண்ணியும் அளந்துதான் குடிக்கணுமாம். இந்த வெயில்ல தொண்டை காயுது தம்பி. நீதான் கிட்னி படிக்கிறியே... கொஞ்சம் ஜாஸ்தி குடிச்சா என்னா?"

தெரியாது பாய் — இரண்டே வார்த்தை. சொல்லியிருக்கலாம்.

"உப்பு போற எடத்துக்குத் தண்ணி தானா போயிடும் பாய். உப்பைத்தான் கொறைச்சிட்டீங்களே, தாராளமா குடிங்க" என்றேன். காகிதத்தில் படம் வேறு போட்டுக் காட்டினேன்! என் தட்டில் இருந்தவை ஆரோக்கியமான செல்கள். அவருடையவை முக்கால்வாசி வேலையை நிறுத்திவிட்டவை. இது எனக்குத் தோன்றவே இல்லை.

பாய் அங்கேயே ஒரு சொம்புத் தண்ணீரை மூச்சுவிடாமல் குடித்தார். அந்த முகத்தில் தெரிந்த நிம்மதி...

ஒன்பதாம் நாள் அவரால் படுக்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. நுரையீரல் வரை நீர் ஏறியிருந்தது. வாடகைக் காரில் வேலூருக்குக் கொண்டுபோனோம். அங்கிருந்த டாக்டர் சத்தம் போட்டார்.

"யாருய்யா உங்களை இவ்ளோ தண்ணி குடிக்கச் சொன்னது?"

நான் கட்டில் ஓரமாகத்தான் நின்றிருந்தேன்.

பாய்தான் மூச்சு வாங்கிக்கொண்டே பதில் சொன்னார். "யாரும் சொல்லலைங்க. நானாத்தான் குடிச்சேன்."

பிழைத்து வந்தார். பழைய தெம்பு வரவில்லை. கடையை மச்சான் பார்த்துக்கொண்டார். அதன்பின் ஒன்றரை வருஷம் இருந்தார். நோய் முற்றிவிட்டது என்றார்கள். அதில் என் பங்கு எவ்வளவு? யாரும் சொல்லவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு லீவுக்கும், இந்த முறை மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் பஸ் ஏறுவேன். என்னைக் கண்டதும் அவர் முந்திக்கொள்வார்.

"வா தம்பி. உன் செல்லுங்கல்லாம் எப்படி இருக்குது?"

"நல்லா இருக்குது பாய்."

கடைசியாகப் பார்த்தபோதும் அதைத்தான் சொன்னேன். அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்கத்தான் எனக்குத் தைரியம் வரவில்லை.