சீட்டாட்டம் பார்த்த ராஜிதி

கொல்கத்தா லேக் மார்க்கெட்டில் காப்பிப்பொடி அரைபடக் காத்திருந்தபோது கைபேசி அடித்தது. "ராஜிதி போயிட்டாங்க" என்றார் நம் தமிழ்ச் சங்கச் செயலாளர். நான் சுவரில் சாய்ந்துகொள்வதற்குள் அடுத்ததையும் சொல்லிவிட்டார். "சங்க மலருக்கு அஞ்சலி நீங்கதான் எழுதணும். அந்த டிவி சீட்டாட்ட விஷயம் மட்டும் வேண்டாமே. பெரியவங்க படிப்பாங்க."

படிக்கட்டும். அதைத்தான் எழுதப் போகிறேன்.

ராஜலட்சுமி என் அலுவலகத்தில் சுருக்கெழுத்தாளர். வங்காளிகள் அக்கா என்ற பொருளில் 'தி' சேர்த்து ராஜிதி என்பார்கள். நமக்கும் அதுவே பழகிவிட்டது. ஓய்வுபெற்ற பிறகு, டாலிகஞ்ச் வீட்டில் பகல் சாப்பாடு முடிந்ததும் விளையாட்டுச் சேனலில் போக்கர் போட்டி பார்ப்பார். ஒருநாளும் சீட்டைத் தொட்டதில்லை.

முதல்முறை அவரோடு உட்கார்ந்தபோது எனக்குச் சலிப்புத்தான் வந்தது. கறுப்புக் கண்ணாடி அணிந்த ஆண்கள் அசையாமல் இருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு பெண்.

"இதுல என்ன இருக்கு ராஜிதி?"

"யார் கையில என்ன சீட்டுன்னு நமக்கு மட்டும் காட்டறான் பாரு. இவ கையில ஒண்ணுமே இல்ல. எப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்கா! இத்தனை வருஷம் ஆபீசர்ங்க எதிர்ல உட்கார்ந்தேனே, அவங்க கையில என்ன இருந்ததுன்னு எனக்கு யார் காட்டினா?"

எதிரே இருந்தவன் நல்ல சீட்டை வைத்துக்கொண்டே பயந்து விலகினான். நாங்கள் மாஷிமா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளிப் பெரியம்மா கைதட்டி, "பேஷ் கொரேச்சே!", நல்லா ஆடிட்டா, என்று கத்தினார். ராஜிதி அப்போதுதான் மூச்சு விட்டார்.

சங்கக் கூட்டத்தில் ஒருவர், "சூதாட்டம் பார்க்கறவங்க விளக்குப் பூஜையை நடத்தறது நல்லா இல்ல" என்றார். எல்லோரும் தரையைப் பார்த்தோம். ராஜிதி எழுந்தார்.

"தீபாவளிக்கு உங்க வீட்டுல மூணு சீட்டு ஆடினீங்களே சார், நான்தானே காப்பி கொண்டுவந்து வச்சேன்? நான் பார்க்கறேன். நீங்க ஆடறீங்க. யார் விலகணும்னு சொல்லுங்க."

அந்த ஆண்டும் பூஜையை அவர்தான் நடத்தினார்.

பிறகு புற்றுநோய் வந்தது. சிகிச்சையில் அடங்கி, திரும்பவும் தலைதூக்கியது. இன்னொரு சுற்று மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார் டாக்டர். பலன் கிடைக்குமா என்று ராஜிதி நேராகக் கேட்டார். நம்பிக்கை குறைவுதான் என்று அவரும் மறைக்காமல் சொன்னார். "தாக், டாக்டர்பாபு. போதும்" என்று ராஜிதி எழுந்துகொண்டார்.

படியிறங்கும்போது எனக்கு அழுகையும் கோபமுமாக வந்தது. "தோத்துட்டேன்னு ஒத்துக்கறீங்களா?"

"தோக்கறது வேற, சீட்டைக் கீழ வைக்கறது வேறடி. வீம்புக்கு மேல மேல பணம் போடறவன்தான் எல்லாத்தையும் விட்டுட்டு எழுந்து போவான். மிச்சமிருக்கற நாளை நான் ஆஸ்பத்திரிக்குக் கொடுக்க மாட்டேன்."

நான் கட்டாயப்படுத்தியிருக்க வேண்டும் என்று அவருடைய உறவினர்கள் சொல்கிறார்கள். கட்டாயப்படுத்தவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை. டிவி முன்னால் உட்கார்ந்து அவர் வாழ்க்கையை வீணாக்கினார் என்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன்: முடிவெடுக்கும் துணிச்சலை அவர் அங்கேதான் பார்த்துப் பார்த்து ரசித்தார், தன் முறை வந்தபோது தயங்கவில்லை.

அதற்குப் பிந்தைய மாதத்தில் மாஷிமாவும் நானும் அவரோடு பூரி கடற்கரைக்குப் போனோம். முழங்காலளவு தண்ணீரில் நின்றவர் மேலும் உள்ளே போனார். "ராஜிதி, பெரிய அலை வருது, வாங்க!" என்று கரையிலிருந்து கத்தினேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்காமல் அலையை வாங்கிக்கொண்டு அங்கேயே நின்றார். முடி கொட்டிய தலை, நனைந்த புடவை, வளையாத முதுகு. அவர் நினைவாக நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த முதுகைத்தான்.